தேடுவதை விட்ட நாள்

என் கையெழுத்துக்கும் எழுத்துப் பிழைகளுக்கும் முதலில் மன்னிக்க வேண்டும். நான் ஐந்தாம் வகுப்பு வரைதான் படித்தேன். ல, ள, ழ மூன்றும் என் கையில் இடம் மாறி உட்கார்ந்துவிடும். திருத்தத் தெரிந்தவர்கள் திருத்திக்கொள்ளுங்கள். நடந்ததை மட்டும் நான் சரியாகச் சொல்லுவேன்.

நாலு பேருக்கு முன்னால் கதைக்க எனக்கு வராது. கூட்டம் என்றால் கடைசி வரிசை, கலியாண வீடு என்றால் சமையல் பக்கம். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

கோப்பன்ஹேகனில் வயதான யூதர்கள் தங்கியிருக்கும் ஓர் இல்லத்தின் சமையலறையில் பல வருடங்கள் வேலை செய்தேன். இஷொயில் எங்கள் வீடு. விடியப்புறம் ரயில் பிடித்து, மத்தியானச் சாப்பாடு முடித்துத் திரும்பி வருவேன். அந்தச் சமையலறையில் எல்லாம் இரண்டு. இறைச்சிக்கு ஒரு பக்கம், பாலுக்கு ஒரு பக்கம். கழுவும் தொட்டி இரண்டு, கத்தி இரண்டு, துடைக்கும் துணி இரண்டு. இறைச்சிப் பக்கம் சிவப்பு, பால் பக்கம் நீலம். ஒன்று மற்றதைத் தொடக்கூடாது. புதிதாக வருகிறவர்கள் ஒரு கிழமையிலேயே தலையைப் பிடித்துக்கொண்டு ஓடிவிடுவார்கள். எனக்கு அது கஷ்டமாகவே இருக்கவில்லை. எங்கள் வீட்டிலும் மீன், இறைச்சி காய்ச்சும் மச்சச் சட்டி வேறு, வெள்ளிக்கிழமைச் சட்டி வேறு. மீன் கறி வைத்த அகப்பையைச் சைவக் கறிக்குள் போட்டால் அம்மா அந்தக் கறியை அப்படியே நாய்க்குக் கொட்டுவா. அந்த வீட்டில் வளர்ந்தவனுக்குச் சிவப்பும் நீலமும் ஒரு பாடமா?

இந்தச் சட்டங்களைப் பார்த்துக்கொள்ள அங்கே ஒருவர் இருந்தார். அவரும் யூதர். என் வயதுதான் இருக்கும். உயரம், வயிறு, வாயில் எப்போதும் ஒரு பகிடி. அடுப்பை அவர்தான் மூட்ட வேண்டும், அது அவர்களுடைய சட்டம். பிறகு கிளறுவது யாராகவும் இருக்கலாம். காலையில் அவர் வந்து அடுப்பைப் பற்றவைப்பார், நான் கிளறுவேன். என் மனதுக்குள் அவரைச் சட்டிக்காவல்காரர் என்றுதான் கூப்பிட்டேன். நாங்கள் கதைத்தது டேனிஷில். அந்தப் பாஷையில் எல்லோரும் எல்லோருக்கும் "நீ"தான். அதை எங்கள் தமிழில் எழுதுகிறேன், குறை நினைக்க வேண்டாம்.

அம்மா வன்னியில் அக்காவோடு இருந்தா. சண்டை கடைசியாக இறுகிய அந்த வருடம், தை மாதத்துக்குப் பிறகு அம்மாவின் குரல் எனக்கு வரவில்லை. இங்கே எங்கள் ஆட்கள் நகரசபைச் சதுக்கத்தில் பதாகைகளோடு நின்றார்கள். நானும் வேலை முடிந்து போய்ப் பின்னால் நின்றேன். வைகாசியில் எல்லாம் முடிந்தது என்று தொலைக்காட்சி சொன்னது. அதற்குப் பிறகு சில கிழமைகள் கழித்து, முகாமுக்குள்ளிருந்து யாரோ ஒருவருடைய தொலைபேசியில் அக்கா எடுத்தா.

"தம்பி, நான் இருக்கிறன். பிள்ளையளும் இருக்கினம்."

"அம்மா?"

"அம்மா பின்னாலை வாறா."

ஒவ்வொரு முறை எடுக்கும்போதும் அதைத்தான் சொன்னா. மெல்ல மெல்லத்தான் மிச்சம் வந்தது. எல்லோரும் ஓடிக்கொண்டிருந்த ஒரு காலையில் அம்மா ஒரு மரத்தடியில் இருந்துவிட்டா. கையில் அவவுடைய கோழி. ஊரை விட்டு வெளிக்கிட்ட நாளிலிருந்து, இடம் மாறி இடம் மாறிப் போனபோதெல்லாம் அந்தக் கோழியைக் கக்கத்துக்குள் வைத்துக்கொண்டு திரிந்திருக்கிறா. "நீங்கள் பிள்ளையளோடை போங்கோ, நான் ஆறி வாறன்" என்று சொன்னாவாம். அக்கா பிள்ளைகளை அங்கால் விட்டுவிட்டுத் திரும்பினபோது ஆமி வழியை மறித்துவிட்டது. அவ்வளவுதான் தெரியும்.

எங்கள் வழக்கத்தில் அப்பாவுக்குக் கொள்ளி வைப்பது மூத்த மகன். அம்மாவுக்குக் கடைசி மகன். எங்கள் வீட்டில் கடைசி நான்தான். அம்மா செத்திருந்தால் அவவுக்குச் செய்ய வேண்டியதைச் செய்ய உலகத்தில் என்னை விட்டால் ஆள் இல்லை. செய்யாவிட்டால் அவ பசியோடு அலைவா. அம்மா உயிரோடு இருந்தால், இருக்கிறவவுக்குக் கொள்ளி வைப்பதைவிடப் பெரிய பாவம் இல்லை. இரண்டில் எது என்று சொல்ல யாரும் இல்லை.

வைகாசியிலிருந்து நான் மச்சம் சாப்பிடவில்லை. கோயிலுக்குப் போனால் உள்ளே போகாமல் செருப்புக் கழற்றும் இடத்திலேயே நிற்பேன். ஒருநாள் ஐயர் கண்டுவிட்டார்.

"ஏன் வெளியிலை நிக்கிறீர்? செத்தவீட்டுத் துடக்கோ?"

"தெரியாது ஐயா."

ஐயர் நல்ல மனிதர். சிரிக்கவில்லை. வெளியே வந்து என் பக்கத்தில் நின்று எல்லாம் கேட்டார். "உடம்பு கிடைக்காட்டித் தர்ப்பையிலை உருவம் செய்து தகனம் செய்யலாம். அதுக்கு முறை இருக்கு. ஆனால் குடும்பத்திலை எல்லாரும் ஒத்துக்கொள்ளவேணும்" என்றார்.

அடுத்த முறை அக்கா எடுத்தபோது சொன்னேன்.

"அம்மாவைப் புல்லிலை செய்து எரிக்கப் போறியோ?"

"நீ சொல்லாமல் செய்யமாட்டன், அக்கா."

"நான் சொல்லமாட்டன். அம்மா ஆறி வாறன் எண்டு சொன்னவ. அம்மா எப்பவாவது பொய் சொன்னவவோ?"

"இல்லை."

"அப்ப பேசாமல் இரு."

பேசாமல் இருப்பது எனக்குப் புதிதல்ல. ஆனால் வேலையில் சட்டிக்காவல்காரர் கண்டுபிடித்துவிட்டார். வெள்ளிக்கிழமைகளில் அங்கே கோழிச் சூப் வைப்போம். அதற்கு உப்புப் பார்ப்பது என் வேலை. சில கிழமைகளாக நான் அந்தக் கரண்டியை வேறு யாரிடமாவது கொடுத்துக்கொண்டிருந்தேன்.

"என்ன, எங்கடை சூப் உனக்கு அலுத்துப்போச்சோ?"

"இல்லை. மச்சம் விட்டிருக்கிறன்."

"டொக்டர் சொன்னவரோ? என்னைப் பார், நான் டொக்டர் சொல்லுற ஒண்டும் கேக்கிறதில்லை, எவ்வளவு வடிவாய் இருக்கிறன்."

"அம்மாவுக்காக."

அவர் கையிலிருந்த மூடியைக் கீழே வைத்தார். "அம்மா எப்ப செத்தவ?"

"தெரியாது."

"எங்கை அடக்கம் செய்தது?"

"தெரியாது."

"செத்தது தெரியுமோ?"

"அதுவும் தெரியாது."

உருளைக்கிழங்குப் பெட்டி ஒன்றை இழுத்துப் போட்டு அதன் மேல் இருந்தார். நான் சொல்லச் சொல்லக் குறுக்கே ஒரு பகிடியும் விடவில்லை. சூப் கொதித்து அடுப்பில் வழிந்தபோதுதான் எழும்பினார்.

"எங்கடை சட்டத்திலை இதுக்கு ஒரு இடம் இருக்கு" என்றார். "உடம்பு கிடைக்காட்டி, துக்கத்தைச் செத்த நாளிலையிருந்து எண்ணுறதில்லை. தேடுறதை விட்ட நாளிலையிருந்துதான் எண்ணுறது."

"ஆர் விடுறது?"

"உரிமைக்காரர். பக்கத்து வீட்டுக்காரர் இல்லை."

"ஒருத்தர் விட்டு மற்றவர் விடாட்டி?"

அவர் தலையைச் சொறிந்தார். "அதை நான் ரபியைக் கேட்டுத்தான் சொல்லவேணும். வாய்க்கு வந்ததைச் சொன்னால் மேலை போய் ஆர் அடி வாங்கிறது?"

ரபி என்பவர் அவர்களுடைய சட்டம் தெரிந்த குரு. இவர் ஒருவரோடு நிற்கவில்லை, இரண்டு பேரைக் கேட்டிருக்கிறார். அடுத்த கிழமை வந்து, "இரண்டு ரபி, மூண்டு பதில்" என்றார். "ஒண்டிலை மட்டும் ஒத்துக்கொண்டினம். செத்திட்டா எண்டு நம்ப நல்ல நியாயம் ஒண்டு கையிலை இருக்கவேணும். தேடிக் களைச்சுப் போனன் எண்டது நியாயம் இல்லை. நியாயமும் இருந்து, தேடுறதையும் விட்டால், அண்டைக்குத்தான் தொடக்கம். அதுவரைக்கும் நீ துக்கக்காரன் இல்லை. உப்புப் பாக்கலாம்."

"உப்புப் பாக்கமாட்டன்."

"சரி, விடு. இந்தச் சட்டம் உன்னைக் கட்டாது. நீ எங்கடை ஆள் இல்லை."

"அடுப்பை நீதானே எப்பவும் மூட்டுறது. நான் கிளறிப் பாக்கிறன்" என்றேன்.

அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். நான் பகிடி விடுவேன் என்று அவர் எதிர்பார்க்கவில்லை. நானும்தான்.

அன்று ரயிலில் வரும்போது யோசித்தேன். எனக்கு அது சரியாகப் பட்டது. எங்கள் சாத்திரம் எப்படிச் செய்வது என்று சொன்னது. எப்போது செய்வது என்ற கேள்விக்கு இந்த மனிதர் ஒரு வழி காட்டியிருந்தார். அம்மாவைத் தேடுவது அக்கா. நான் இங்கேயிருந்து காத்துக்கொண்டுதானே இருக்கிறேன். அக்கா விடாமல் நான் விடுவதில்லை என்று முடிவெடுத்தேன். அதற்குப் பிறகு அந்த விஷயத்தில் எனக்குத் தடுமாற்றம் வந்ததில்லை.

மற்றவர்களுக்குத்தான் பொறுக்கவில்லை. வருடம் திரும்பியது. முகாமிலிருந்து அக்காவை விட்டார்கள். பக்கத்து ஊரான புரொண்பியில் ஒரு பிறந்தநாள் விழாவில், ஊர்க்காரியங்களில் முன்னுக்கு நிற்கும் ஒருவர் சாப்பாட்டுக் கோப்பையோடு என்னைப் பிடித்துக்கொண்டார்.

"தம்பி, பெத்த தாயைப் பட்டினி போட்டுக்கொண்டு நீர் இஞ்சை வடை தின்னுறீர் என்ன?"

"அக்கா இன்னும் தேடுறா, அண்ணை."

"ஐயரும் இருக்கிறார், எல்லாமும் இருக்கு. கெதியாய்ச் செய்து முடியும். சனம் கதைக்குது."

"அக்கா இன்னும் தேடுறா."

"உமக்கு வேறை கதை தெரியாதோ?"

"தெரியாது, அண்ணை."

யாராவது குரலை உயர்த்தினால் நான் தலையாட்டிவிடுகிற ஆள். அன்று ஆட்டவில்லை. வடையையும் கீழே வைக்கவில்லை. மனைவி தூர நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். காரில் வரும்போது, "இண்டைக்கு நீங்கள் நல்லாய்க் கதைச்சியள்" என்றாள். நான் கதைத்தது அவ்வளவுதான் என்று அவளுக்கும் தெரியும்.

அக்கா வவுனியா, மன்னார், புல்மோட்டை என்று ஆசுபத்திரிகளிலும் முகாம்களிலும் அம்மாவின் படத்தைக் காட்டிக்கொண்டு திரிந்தா. முதலில் ஒருவர், அந்த மரத்தடிப் பக்கம் பீரங்கிச் செல் விழுந்தது என்று சொன்னார். அக்கா நம்பவில்லை. "செல் எல்லா இடமும்தான் விழுந்தது" என்று அவரோடு சண்டை பிடித்தா. பிறகும் தேடினா.

அடுத்த வருடம் ஐப்பசி தொடங்கியிருந்தது. நான் வேலை முடிந்து உடுப்பு மாற்றிக்கொண்டிருந்தபோது தொலைபேசி அடித்தது.

"தம்பி, ஒரு மனிசியைக் கண்டனான். அண்டைக்கு எங்களுக்குப் பின்னாலை வந்தவ. அம்மாவுக்குத் தண்ணி குடுத்தவவாம்."

"என்ன சொன்னவ?"

"செல் அடிச்சு ஓய்ஞ்ச பிறகு அந்த மரத்தடியாலைதான் வந்தவவாம். ஆரையும் நிண்டு பாக்கேலாமல் ஓடி வந்தவவாம்." அக்காவின் மூச்சுக் கேட்டது. "கோழி தனிய நிண்டதாம், தம்பி."

போட்ட கோட்டைத் திரும்பக் கழற்றி வாங்கில் வைத்தேன்.

"அம்மா கோழியை விட்டிட்டு எழும்பமாட்டா" என்றா அக்கா.

"ஓம்."

"அம்மா வரமாட்டா. நான் விட்டிட்டன், தம்பி. நீ செய்."

செத்ததைக் கண்டவர் இல்லை, உடம்பு இல்லை, ஒரு துணித்துண்டும் இல்லை. ஆனால் எங்கள் இரண்டு பேருக்கும் அதைவிட நல்ல நியாயம் வேண்டியிருக்கவில்லை. சமையலறைக்குத் திரும்பிப் போனேன். சட்டிக்காவல்காரர் நீலப் பக்கத் தொட்டியைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார். "விட்டாச்சு" என்றேன். அவர் கையைத் துடைத்துவிட்டு வந்து என் தோளில் வைத்தார். "வீட்டை போ. நாளைக்கு வராதை" என்றார்.

மறுநாள் இஷொய் கடற்கரையில் ஐயர் தர்ப்பையால் அம்மாவைச் செய்தார். நான் எண்ணினதைவிடச் சின்னதாக இருந்தா. ஓர் அலுமினியத் தட்டில் வைத்துத்தான் எரிக்க முடிந்தது. காற்று விடவில்லை. தீக்குச்சி அணைந்து அணைந்து போனது. மனைவி தன் மழைக்கோட்டைக் கழற்றி இரண்டு கையாலும் விரித்துப் பிடித்தாள். அந்த மறைப்புக்குள் நான் கொள்ளி வைத்தேன். நாயோடு நடந்து வந்த ஒரு டேனிஷ் கிழவர் தூரத்தில் நின்று தொப்பியைக் கழற்றினார். சாம்பலைக் கடலில் விட்டுவிட்டு, தோய்ந்து, வீட்டுக்கு வந்தோம். அன்றைக்கு எங்கள் வீட்டில் அடுப்பு மூட்டக்கூடாது.

பின்னேரம் கதவு தட்டப்பட்டது. சட்டிக்காவல்காரர். கையில் ஒரு பை. வணக்கம் சொல்லவில்லை, கை கொடுக்கவில்லை. மகள் டேனிஷில், "வாங்கோ, அப்பா உள்ளை இருக்கிறார்" என்று சொல்லியிருக்கிறாள். அதற்கும் தலையை மட்டும் அசைத்துவிட்டு வந்து, பையை மனைவியிடம் கொடுத்துவிட்டு, எனக்கு முன்னால் ஒரு கதிரையில் இருந்தார். நான் நிலத்தில் பாயில் இருந்தேன்.

எங்கள் வழக்கத்தில் வந்தவர்தான் கேட்க வேண்டும். என்ன நடந்தது, எப்போது கேள்விப்பட்டது, கடைசியாக எப்போது கதைத்தது என்று அவர் கேட்பார், நாங்கள் சொல்லுவோம். நான் அவர் கேட்பார் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். வெளியே மழை பிடித்தது. மேல் வீட்டில் யாரோ தூசி உறிஞ்சும் மெசினை இழுத்துக்கொண்டு திரிந்தார்கள். அதுவும் நின்றது. அவர் வாயே திறக்கவில்லை.

மனைவி என்னைக் குசினிக்குள் கூப்பிட்டாள். "இஞ்சருங்கோ, வேலையிலை ரெண்டுபேரும் கொளுவுப்பட்டதோ?"

"இல்லையே."

"அப்ப ஏன் அந்த மனிசன் ஊமை மாதிரி இருக்கிறார்? தேத்தண்ணியும் வேண்டாமெண்டு கையைக் காட்டுறார்."

"துடக்கு வீட்டிலை எங்கடை ஆக்களும் குடிக்கமாட்டினம்தானே."

"சரி, அதை விடுங்கோ. இதைப் பாருங்கோ." பையைத் திறந்து காட்டினாள். ஒரு கிண்ணத்தில் உடைக்காமல் முழுசாக அவித்த பருப்பு. இன்னொன்றில் கோது உரித்த அவித்த முட்டைகள். "துடக்குக்கு ஆரும் முட்டை கொண்டுவருவினமோ? மச்சமெல்லோ!"

"அவைக்கு முட்டை மச்சம் இல்லை."

"நீங்கள் விட்ட மச்சத்தை இந்த மனிசன் திருப்பிக் கொண்டந்திருக்கு." சொல்லிவிட்டு அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. காலையிலிருந்து அந்த வீட்டில் கேட்ட முதல் சிரிப்பு. முட்டைக் கிண்ணத்தை மூடி அங்கால் வைத்தாள். பருப்பை ஒரு தட்டில் போட்டுத் தந்தாள்.

நான் திரும்பி வந்து பாயில் இருந்து பருப்பைச் சாப்பிட்டேன். உப்பு மட்டும் போட்டது. முட்டை இல்லை என்பதை அவர் கண்டார். அவருடைய புருவம் ஏறியது. அப்போதும் கேட்கவில்லை. அந்தப் புருவத்துக்கு நான் பதில் சொல்லத்தான் வேண்டும் என்று பட்டது.

"அம்மா முட்டை சாப்பிடமாட்டா" என்றேன். "ஆனால் வாழ்நாள் முழுக்கக் கோழி வளர்த்தவ."

அவர் முன்னுக்குச் சரிந்தார். "எத்தினை?"

அதற்குப் பிறகு நான் நிற்கவில்லை. முட்டை விற்ற காசில் அம்மா எனக்கு வாங்கித் தந்த செருப்பு, நான் ஐந்தாம் வகுப்போடு நின்றபோது வாத்தியாரோடு போய்ச் சண்டை பிடித்தது, கோழிகளுக்கு எங்கள் சொந்தக்காரரின் பெயர்களை வைத்துத் திட்டுவது, கக்கத்துக்குள் வைத்துத் திரிந்த அந்தக் கடைசிக் கோழி, மரத்தடி, "ஆறி வாறன்". டேனிஷ் தெரியாத இடத்தில் தமிழில் சொன்னேன். அவர் அதற்கும் தலையாட்டினார். மனைவி வாசல்நிலையில் சாய்ந்து நின்று கேட்டாள். மகளும் வந்து பாயின் ஓரத்தில் இருந்தாள். தன் அப்பா இவ்வளவு கதைப்பதை அவள் அதற்கு முன் கேட்டிருக்க நியாயமில்லை.

நான் முடித்த பிறகுதான் அவர் சொன்னார். துக்க வீட்டில் துக்கக்காரன் வாய் திறக்கும் வரை வந்தவர் வாய் திறக்கக்கூடாதாம். அது சட்டம். "உன்ரை வாயைத் தெரிஞ்சுகொண்டும் சாப்பிடாமல் வந்தது என்ரை பிழை" என்றார். "விடியும் வரைக்கும் இருக்கவேண்டி வரும் எண்டு பயந்திட்டன்."

பருப்பு ஏன் என்றும் சொன்னார். மற்றப் பயறுகளில் ஒரு பிளவு இருக்கும், வாய் மாதிரி. இந்தப் பருப்புக்கு வாய் இல்லை. துக்கக்காரனுக்கும் வாய் இல்லை, அதனால்தான் அது. நான் தட்டைப் பார்த்தேன். காலியாக இருந்தது.

போகும்போது அவர் ஒன்றும் சொல்லவில்லை. எங்கள் ஆட்களும் செத்த வீட்டில் "வாறன்" என்று சொல்வதில்லை. பேசாமல் எழும்பிச் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு போய்விட்டார். படிகளில் இறங்கும் சத்தம் கேட்டது.

துடக்குக் கழிக்கும் அந்தியேட்டிச் சடங்கு முடிந்து வேலைக்குத் திரும்பிய வெள்ளிக்கிழமை, அவர் அடுப்பை மூட்டினார். நான் சூப்பைக் கிளறி உப்புப் பார்த்தேன். "குறைவு" என்றேன். "நீ இல்லாத நேரம் எல்லாரும் நல்லாய் இருக்கு எண்டு சொன்னவை" என்றார். உப்பைப் போட்டேன்.

வருடத் திதிக்கு எந்த நாள் என்று அக்கா கேட்டா. அவவுக்கு அந்தக் காலை எந்த நாள் என்றே தெரியாது. அந்த நாட்களை யாரும் எண்ணவில்லை. அதையும் சட்டிக்காவல்காரரிடம் கேட்டேன். அவருடைய தாயார் போலந்திலிருந்து வந்தவர். தன் தாய் செத்த நாள் அந்தப் பெண்ணுக்கும் தெரியாது. தானே ஒரு நாளைத் தெரிவுசெய்து, சாகும் வரை அந்த நாளில் விளக்கு ஏற்றினாராம். "நாள் தெரியாட்டி நீ ஒரு நாளைத் தெரி. தெரிஞ்ச பிறகு மாத்தாதை. சட்டம் அவ்வளவுதான்" என்றார்.

நாங்களும் ஒரு நாளைத் தெரிந்தோம். அக்கா தொலைபேசியில் "நீ செய்" என்று சொன்ன நாள். ஐயருக்கும் சம்மதம். ஒவ்வொரு வருடமும் அந்த நாளில் அக்கா அங்கே படைக்கிறா, நான் இங்கே படைக்கிறேன். என் படையலில் உப்பு மட்டும் போட்ட பருப்பு ஒரு தட்டு கட்டாயம் இருக்கும். முட்டை இருக்காது. இன்று காலையும் படைத்துவிட்டுத்தான் இதை எழுத இருந்தேன்.

இஷொய், ஒக்டோபர் 20, 2015.